மலை ஏறிக் காட்டு, அப்புறம் விலை பேசலாம்

தாப்பாவைக் கடந்து போகிறவர்கள் அதிகம். தாப்பாவுக்கென்றே வருகிறவர்கள் குறைவு. பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகரம் என்ற பெயர் இருந்தாலும், வெளியூர்க்காரர்களுக்கு இது கேமரன் மலைக்குப் பிரிகிற முச்சந்தி. 1893-இல் தாப்பா ரோட் நிலையத்திலிருந்து தெலுக் அன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, கிளை ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலேயே இந்த ஊருக்கு ‘மாறிப் போகிற இடம்’ என்ற குணம் வந்துவிட்டது. அந்த ரயில் பாதை இப்போது இல்லை. மலைப் பாதை மட்டும் இருக்கிறது.

கூட்டரசுச் சாலை 59 என்று பலகையில் எழுதியிருக்கும் அந்தப் பாதையை ஊரில் யாரும் எண் சொல்லி அழைப்பதில்லை. ‘மேல் ரோடு’ என்றால் போதும். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். கடல் மட்டத்தை ஒட்டிய சூட்டிலிருந்து 1,400 மீட்டருக்கு மேலுள்ள குளிருக்கு, வளைந்து வளைந்து ஏறும். சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை வந்த பிறகு கூட்டம் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் லாத்தா இஸ்கண்டார் அருவியில் கால் நனைத்து, பூர்வகுடியினர் சாலையோரம் கட்டி வைத்திருக்கும் பெத்தாய் வாங்காமல் மலையேறினால் எங்களுக்கு அது பயணமே இல்லை.

இந்தச் சாலை எங்கள் ஊருக்கு இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பழைய கார் வாங்குகிறவன் பேச்சைக் கேட்கக்கூடாது, வண்டியை மேல் ரோட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் கொதிக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா, புகை என்ன நிறம் என்பதெல்லாம் இருபதாவது கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும். உறவில் யார் பழைய கார் வாங்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் முப்பது வருடமாக இந்த ஒரே பரீட்சையை வைத்துத்தான் ‘வாங்கு’, ‘விடு’ என்று சொல்லி வந்தேன்.

போன ஜனவரியில் தம்பி மகள் கூப்பிட்டாள். ஈப்போவில் தாதியாக வேலை செய்கிறாள். தினமும் போக 60, வர 60 கிலோமீட்டர்.

“பெரியப்பா, ஒரு வண்டி பார்த்திருக்கேன். புதுசு மாதிரியே இருக்கு. பதினாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. நீங்க வந்து ஒரு தடவை பாருங்க.”

“என்ன வண்டிம்மா?”

“இ.மாஸ் 7. கரண்டு வண்டி.”

புகை இல்லாத, கிளட்ச் இல்லாத வண்டியை எதை வைத்துப் பார்ப்பது? அவளுக்கு அது ஐந்து வருடக் கடன். தம்பிக்கு, மகள் இரவு வேலை முடிந்து நெடுஞ்சாலையில் நின்றுவிடக்கூடாது என்ற கவலை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, ஊரில் எனக்குத் தெரிந்த மின்பணியாளர் நண்பரையும் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் புதிய வண்டியின் விலை

பெட்ரோல் காரில் பழைய விலையைப் பழைய கார்களோடு ஒப்பிடுவோம். மின்சாரக் காரில் இன்றைய புதிய வண்டி என்ன விலை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் புதிய வண்டிகளின் விலையே வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

2022 டிசம்பரில் பி.ஒய்.டி. அட்டோ 3 நம் நாட்டுக்கு வந்தபோது தொடக்க விலை 149,800 வெள்ளி. அடுத்த ஜூலையில் டால்பின் 99,900-க்கு வந்தது. 2024 டிசம்பரில் புரோட்டோன் இ.மாஸ் 7 வந்தது. பிரைம் வகை 109,800. முதலில் பதிந்த 3,000 பேருக்கு அதிலும் 4,000 தள்ளுபடி. 2025 அக்டோபர் இறுதியில் அதன் தம்பி இ.மாஸ் 5 வந்தபோது தொடக்க வகை 59,800 வெள்ளி, அறிமுகச் சலுகையில் இன்னும் குறைவு. மூன்றே வருடத்தில் மின்சாரக் காரின் நுழைவாசல் எவ்வளவு தாழ்ந்துவிட்டது பாருங்கள். அதனால் ‘நான் இவ்வளவு கொடுத்து வாங்கினேன்’ என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், வாங்குபவருக்கு அது கணக்கில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. 2025 டிசம்பரில் வந்த பெரோடுவா கியூ.வி.-இ காரில் 80,000 வெள்ளி வண்டிக்கு மட்டும். பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வீதம் ஒன்பது வருடம் தனி வாடகை. நாளை அந்த வண்டி பழைய கார்க் கடைக்கு வரும்போது, விலையைக் கேட்டுவிட்டு வாடகை யார் தலையில் என்று கேட்க மறந்துவிடக்கூடாது.

நாங்கள் பார்க்கப் போனது பதின்மூன்று மாத வண்டி, பிரைம் வகை. கேட்ட விலை 89,000. உரிமையாளர் ஈப்போக்காரர், அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருக்கிறார். அங்கே சார்ஜர் வைக்க வழியில்லை. வாரத்துக்கு இரண்டு முறை வெளியே வரிசையில் நின்று அலுத்துவிட்டது என்றார். வண்டியில் குறை இல்லை, வீட்டில்தான் குறை. இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஏன் விற்கிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிற பதிலை, நாம் வாங்கினால் நமக்கும் அதே நிலை வருமா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

மேல் ரோட்டுப் பரீட்சை

ஒரு சனிக்கிழமை காலை வண்டியை முழுதாக, 100 விழுக்காடு சார்ஜ் செய்து வைக்கச் சொன்னோம். இந்த வண்டியில் இருப்பது எல்.எஃப்.பி. வகை பேட்டரி. பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி சார்ஜ் செய்துவந்தால் இந்த வகையில் திரையில் காட்டும் விழுக்காடு மெல்லத் தடம் மாறும். ஒருமுறை முழுதாக ஏற்றினால்தான் அளவு சரியாக வந்து உட்காரும். அளவுகோலைச் சரி செய்யாமல் அளக்க முடியாது.

ஈப்போவிலிருந்து உரிமையாளரோடு நால்வராகப் புறப்பட்டோம். தாப்பாவில் 80 விழுக்காடு. மலையேறி தானா ராத்தாவில் நின்றபோது 49. தம்பி மகள் முகம் வாடிவிட்டது. “60 கிலோமீட்டருக்கு 31 விழுக்காடா பெரியப்பா?”

அதில் பயப்பட ஒன்றுமில்லை. வண்டியும் நாங்களும் சேர்ந்து ஏறக்குறைய 1,900 கிலோ. அந்தப் பாரத்தை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கே சுமார் 7 யூனிட் மின்சாரம் வேண்டும். அது பள்ளிக்கூட இயற்பியல் கணக்கு. எந்த நிறுவனத்தின் காரானாலும் மாறாது. மிச்சம், வழக்கமாக 60 கிலோமீட்டர் ஓடுவதற்கானதும் வழியில் வீணாவதும்.

வேடிக்கை இறங்கும்போது. சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. இதை எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டில் 1963-இல் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் தண்ணீர் இதே மலையிலிருந்து இறங்கி 100 மெகாவாட் சுல்தான் யூசுப் நிலையத்தைச் சுழற்றுகிறது. இன்னும் கீழே தாப்பா பக்கம் ‘வோ’வில் 150 மெகாவாட் சுல்தான் இட்ரிஸ் நிலையம். மலையிலிருந்து இறங்கும் பாரத்தை மின்சாரமாக்குவது இங்கே அறுபது வருடப் பழக்கம். காரும் அதையே சின்ன அளவில் செய்கிறது.

49-இல் புறப்பட்டு தாப்பாவுக்கு வந்தபோது 48. அறுபது கிலோமீட்டருக்கு ஒரே ஒரு விழுக்காடு. ஏறும்போது நிறையச் செலவாகி, இறங்கும்போது ஏறக்குறைய இனாமாக வந்தால் மோட்டாரும் பேட்டரியும் கொடுக்கல் வாங்கலை ஒழுங்காகச் செய்கின்றன என்று அர்த்தம். இறங்கும்போதும் விழுக்காடு கடகடவென்று குறைந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

மலைமேல் குடியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மேலேயே 100 வரை ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பானையில் தண்ணீர் ஊற்ற முடியாது. திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் வண்டி அதை ஏற்காது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும்.

ஓய்வுத் தளத்தில் நிறுத்துப் பார்த்தது

மலைப் பரீட்சை பேட்டரி நன்றாக உழைக்கிறதா என்று சொல்லும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லாது. அதற்குத் தராசு வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது: நெடுஞ்சாலை தாப்பா ஓய்வுத் தளத்தின் வேக சார்ஜர்.

முறை எளிது. புதிதாக இருந்தபோது இந்த பேட்டரியின் கொள்ளளவு 49.52 யூனிட். அதில் 40 விழுக்காடு என்றால் 19.8 யூனிட். வண்டியின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு 48-இலிருந்து 88 வரை ஏற்றினோம். சார்ஜரின் திரையில் 20.6 யூனிட் என்று வந்தது. வழியில் கொஞ்சம் சூடாக வீணாவது வழக்கம். அதைக் கழித்தால் கிட்டத்தட்ட புதிய வண்டி எடுக்கும் அளவு. மாறாக 17 யூனிட்டிலேயே 40 விழுக்காடு ஏறிவிட்டதாகத் திரை காட்டினால், ஐம்பது கிலோ மூட்டையில் நாற்பத்திரண்டு கிலோதான் இருக்கிறது என்று பொருள். வண்டித் திரையில் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்று காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம். அது கடைசியாக ஓட்டியவரின் கால் கனத்தைப் பொறுத்து மாறுகிற எண்.

இது ஆய்வகத் துல்லியம் இல்லை. இரண்டு மூன்று விழுக்காடு அங்கே இங்கே இருக்கும். ஆனால் விற்பவரின் வாக்கைவிட நம்பகமானது. செலவு முப்பது வெள்ளி சொச்சம். இதோடு அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையையும் எழுத்தில் கேட்டு வாங்கினோம். இரண்டும் ஒத்துப்போயின.

குனிந்து பார்த்தவை

மின்சாரக் காரில் பேட்டரி வண்டியின் வயிற்றுக்கடியில் படுத்திருக்கிறது. அதனால் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கம் பார்க்காமல் வாங்கக்கூடாது. கல் அடித்த பள்ளம், வளைந்த தகடு, புதிதாகப் பூசிய கறுப்புச் சாயம் ஏதும் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தோம். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் அங்கே சேற்றுக் கோடு காட்டிக் கொடுக்கும். ஹிலிர் பேராக் பக்கமிருந்து வருகிற எந்த வண்டிக்கும் இதை நான் விடுவதில்லை.

முன் டயர்கள் இரண்டும் வயதுக்கு மீறித் தேய்ந்திருந்தன. கனமான வண்டி, மிதித்ததும் பாய்கிற மோட்டார், அதை ரசித்து ஓட்டிய கால். இது பெரிய குறை இல்லை, விலையில் கழிக்க வேண்டிய 800 வெள்ளி. பிரேக் தட்டில் லேசான துரு. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு; நாலு தடவை அழுத்திப் பிடித்ததும் தெளிந்துவிட்டது.

காகிதங்களில் ஐந்தைக் கேட்டோம். சேவைப் பதிவு இருக்கிறதா. வங்கிக் கடன் பாக்கி எவ்வளவு. பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பி5 சோதனை முடிந்ததா. வண்டியோடு வந்த சார்ஜ் கேபிள் கூடவே வருகிறதா. கடைசியாக, பழைய உரிமையாளரின் கைப்பேசிச் செயலியிலிருந்து வண்டியைக் கழற்றிவிட்டார்களா. இதைச் செய்யாவிட்டால் நம் வீட்டு வாசலில் நிற்கிற காரை இன்னொருவர் ஈப்போவில் உட்கார்ந்து பூட்டித் திறக்கலாம்.

சாலை வரியையும் கணக்கில் வையுங்கள். 2025 இறுதிவரை மின்சாரக் கார்களுக்கு வரி இல்லை. 2026 ஜனவரி முதல் மோட்டாரின் கிலோவாட் அளவுக்கேற்ப வரி உண்டு.

வீட்டுச் சுவரில் இருக்கிறது லாபம்

வண்டி தேறிவிட்டது. ஆனால் தேற வேண்டியது இன்னொன்று இருந்தது: தம்பி வீடு.

2025 செப்டம்பர் 30 முதல் நமக்கு ரோன்95 சலுகை விலை லிட்டருக்கு 1.99 வெள்ளி. அவள் மாதம் 24 நாள் போய் வந்தால் 2,880 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கிற பெட்ரோல் வண்டிக்கு ஆகும் செலவு 401 வெள்ளி.

அதே தூரத்துக்கு மின்சாரக் காருக்குச் சுமார் 461 யூனிட். அதை முழுக்க வெளியே வேக சார்ஜரில் யூனிட்டுக்கு 1.40 வெள்ளி என்று ஏற்றினால் 645 வெள்ளி. பெட்ரோலைவிட 244 வெள்ளி அதிகம்! ‘கரண்டு வண்டி என்றால் செலவே இல்லை’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வீட்டில் ஏற்றினால் கதை வேறு. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு யூனிட் 44.43 சென். வழியில் வீணாவதையும் சேர்த்து 512 யூனிட்டுக்கு 228 வெள்ளி. கணக்கு அதோடு முடியவில்லை. 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி சேவைக் கட்டணம் சேரும், குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குக் கிடைத்து வந்த ஊக்கக் கழிவும் குறையும், வரியும் உண்டு. எல்லாம் சேர்த்து 280 என்று வைத்தோம். மாதம் 120 வெள்ளி மிச்சம். பெட்ரோல் சலுகை மாறினால் இதுவும் மாறும்.

ஆக, லாபம் காரில் இல்லை, வீட்டுச் சுவரில் இருக்கிறது. தம்பி வீடு தோட்டம் பிரிந்தபோது வாங்கிய பழைய வரிசை வீடு. வயர்களுக்கு வீட்டின் வயசு. சாதாரணப் பிளக்கில் மணிக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக ஏறும். பத்து மணி நேரத்தில் 22 யூனிட், ஒரு நாள் பயணத்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் பத்து மணி நேரம் ஒரே பிளக் முழுப் பாரத்தில் நின்றால் பழைய வயர் சூடேறும். மின்பணியாளர் நண்பர் பிரதானப் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி வயர், தனிப் பாதுகாப்புச் சுவிட்ச் போட 1,200 வெள்ளி என்று மதிப்பிட்டார். “முதல்ல வயர், பிறகுதான் கார்” என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னார். நானும் அதையே சொல்கிறேன்.

எட்டு வருடம் என்பது எட்டு வருடமா?

பேட்டரிக்கு உத்தரவாதம் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. பதின்மூன்று மாதம்தான் ஆகிறது, இன்னும் ஏழு வருடம் இருக்கிறது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அவளுடைய ஓட்டத்தை வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. மிச்சமுள்ள 1,46,000 கிலோமீட்டரை மாதம் 2,880 என்று வகுத்தால் ஐம்பது மாதம். நாலு வருடம் சொச்சம். ஐந்து வருடக் கடன் முடியும் முன்பே உத்தரவாதம் முடிந்துவிடும். அதன்பின் பேட்டரி செத்துவிடும் என்று பொருளில்லை. ஆனால் அதன்பின் வருகிற செலவு நம்முடையது. எனவே சேமிப்பை அந்த ஐம்பது மாதத்துக்கு மட்டுமே கணக்குப் போட வேண்டும்.

அப்படிப் போட்டோம். ஐம்பது மாதத்துக்கு 120 வீதம் 6,000. என்ஜின் எண்ணெய் போன்ற பராமரிப்பில் மிச்சம் 1,200. வயருக்கு 1,200, டயருக்கு 800 கழிக்க, மிஞ்சுவது 5,200. அதே அளவு, அதே வயது பெட்ரோல் வண்டி ஒன்றை அந்த வாரம் ஈப்போவில் 79,000-க்குக் கேட்டார்கள். அதோடு 5,200 சேர்த்தால் 84,200. அதற்கு மேல் கொடுப்பது கணக்கில் வராது, ஆசையில் வரும்.

82,000-இல் தொடங்கினோம். உரிமையாளர் நல்ல மனிதர். எங்கள் கணக்குத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். 84,000-க்கு முடிந்தது. உத்தரவாதம் அவள் பெயருக்கு மாறும் என்று சேவை மையத்திடம் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுத்தோம்.

தம்பி மகளுக்கு இந்த வண்டி தகும். தினமும் ஒரே தூரம், வீட்டு வாசலில் நிறுத்த இடம், இரவு முழுவதும் ஏற்ற நேரம். இதே வண்டி, இதே விலையில், அடுக்குமாடியில் இருக்கும் இன்னொருவருக்கு நஷ்டம். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற என்னைப் போன்றவனுக்கு வீண். அதனால் பழைய மின்சாரக் கார் பார்க்கப் போகிறவர்கள் ஒரு தாளை எடுத்து, வண்டியைப் பற்றி எழுதுமுன் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: மாதம் எத்தனை கிலோமீட்டர், வீட்டில் யூனிட் என்ன விலை, உத்தரவாதத்தில் மிச்சம் எத்தனை கிலோமீட்டர், இன்று புதிய வண்டி என்ன விலை. அதன்பிறகு தாப்பா பக்கம் வாருங்கள். ஏற்றிப் பார்க்க மலை இருக்கிறது, நிறுத்துப் பார்க்க சார்ஜர் இருக்கிறது, பசித்தால் நல்ல சாப்பாடும் இருக்கிறது.